தொலைநோக்கியில் உருவம் தெளியாதபோது

சிறிய தொலைநோக்கி ஒன்றை வாங்கிப் பள்ளியிலோ படிப்பகத்திலோ வைப்பது இன்று ஒரு பஞ்சாயத்தின் சக்திக்கு மீறிய காரியமன்று. வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் ஒருவர் தாம் படித்த பள்ளிக்கு அதனை நன்கொடையாக அளிப்பதுண்டு. பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கித் தருவதும் உண்டு. முதல் மாதத்தில் ஊரே திரண்டு வந்து சந்திரனின் பள்ளங்களையும், வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களையும், சனியின் வளையத்தையும் பார்த்து மகிழ்கிறது. பிறகு ஊக்கமுள்ள இளைஞர் ஒருவர் அதில் கேமராவைப் பொருத்திப் படம் எடுக்க விரும்புகிறார். அல்லது உருவத்தைப் பெரிதாக்கும் வில்லை ஒன்றைத் தருவித்து மாட்டுகிறார். திருகை எத்தனை முறை திருப்பினாலும் காட்சி தெளிவதில்லை. 'கண்ணாடி கெட்டுவிட்டது' என்ற தீர்ப்புடன் கருவி பீரோவுக்குள் போய்விடுகிறது. அடுத்த ஆண்டு வேறொரு கருவி வாங்குவது பற்றிப் பேச்சு எழுகிறது.

இத்தீர்ப்பு பெரும்பாலும் தவறானது. கண்ணாடியில் யாதொரு குறையும் இராது. உருவம் விழும் இடம் ஓரிடமாகவும், புதிதாக மாட்டிய சாதனம் நிற்கும் இடம் வேறிடமாகவும் இருப்பதே காரணம். அவ்விரண்டு இடங்களுக்கும் உள்ள தூரத்தை அளந்துவிட்டால், செய்ய வேண்டியது என்ன என்பது தானே விளங்கும். ஓர் அடிக்கோலும் ஒரு துண்டு எண்ணெய்த் தாளும் நிலவுள்ள ஓர் இரவும் இருந்தால் இந்தச் சோதனையைக் கிராமத்திலேயே செய்யலாம். பொதுப் பணத்தில் மற்றொரு பொருள் வாங்குமுன் இதைச் செய்து பார்ப்பது அவசியம்.

உருவம் விழும் இடம்

இங்கே நாம் பேசுவது ஆடியால் ஆன தொலைநோக்கியைப் பற்றியே. குழலின் அடியில் குழிந்த ஆடி ஒன்று வானத்தை நோக்கி இருக்கும். அதன்மீது விழும் ஒளி குவிந்துகொண்டே மேலே திரும்பி வரும். குழலின் வாயருகே சாய்வாக நிறுத்தப்பட்டுள்ள சிறிய தட்டையான ஆடி, அவ்வொளியைப் பக்கவாட்டில் திருப்பிக் குழலுக்கு வெளியே அனுப்பும். அங்கே, காற்றில் ஓரிடத்தில், உருவம் உண்டாகிறது. அவ்விடத்துக்குக் குவியம் என்று பெயர். கண்ணருகே வைக்கும் வில்லை, அந்த உருவத்தைப் பூதக்கண்ணாடிபோல் பெரிதாக்கிக் காட்டுவதன்றி வேறொன்றும் செய்வதில்லை.

ஐசக் நியூட்டன் 1668-ஆம் ஆண்டில் முதன்முதலாகச் செய்த கருவியின் அமைப்பும் இதுவே. இன்று பெட்டியில் அடைத்து விற்கப்படும் கருவியின் அமைப்பும் இதுவே. ஜவ்வாது மலையில் காவலூரிலுள்ள ஆய்வுக்கூடத்தில் 1986 முதல் இயங்கிவரும் பெரிய தொலைநோக்கிக்கு 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி இருக்கிறது. அங்கும் ஒளியை ஏற்கும் சாதனத்தைக் குவியம் விழும் இடத்துக்குக் கொண்டுபோய்த்தான் வைக்க வேண்டும். ஆடி நமக்காக விட்டுக்கொடுப்பதில்லை.

கிணற்றில் நீர்மட்டம் இருக்கும் ஆழத்துக்கு உறிஞ்சு குழாய் எட்டாவிட்டால் மோட்டாரை எத்தனை நேரம் ஓட்டினாலும் தண்ணீர் வராது. அதற்காக மோட்டாரைப் பழுதென்று விவசாயி எவரும் தள்ளிவிடுவதில்லை. குழாயின் நீளத்தைப் பார்க்கிறார். தொலைநோக்கியில் அந்தக் குழாயின் வேலையைச் செய்வது, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் நகரும் குழல். திருகைத் திருப்பினால் அது உள்ளே போகும், வெளியே வரும். அதன் ஓட்டம் சில சென்டிமீட்டர்களே. கருவியுடன் வந்த வில்லைகளுக்கு இந்த ஓட்டம் போதுமானதாகத் தொழிற்சாலையில் அமைத்துவிடுகின்றனர். பின்னர் நாமாக வாங்கி மாட்டும் பொருளுக்கு அது போதும் என்று யாரும் உறுதி கூறவில்லை.

உள்ளே போக வேண்டுமா, வெளியே வர வேண்டுமா?

முதலில் அறிய வேண்டியது குறைபாட்டின் திசை. பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை நோக்கிக் கருவியைத் திருப்புங்கள். உருவம் தெளியாத நிலையில் நட்சத்திரம் ஒரு புள்ளியாகத் தெரியாமல், நடுவில் கரிய பொட்டுள்ள வட்டமாக, உளுந்து வடைபோல் தோன்றும். நடுவிலுள்ள கரும்பொட்டு சாய்வு ஆடியின் நிழலேயன்றி ஆடியிலுள்ள கறையன்று. இதைக் கண்டு பயந்து ஆடியைத் துடைத்துப் பாழாக்கியவர்கள் உண்டு.

இப்போது திருகை மெல்லத் திருப்பி நகரும் குழலை உள்ளே செலுத்துங்கள். வட்டம் சிறுத்துக்கொண்டே வந்து, புள்ளியாவதற்கு முன்னரே குழல் தடைபட்டு நின்றுவிட்டால், குவியம் இன்னும் உள்ளே இருக்கிறது. சாதனம் எட்ட முடியாத உயரத்தில் நிற்கிறது. இதற்கு மாறாக, குழலை வெளியே இழுக்கும்போது வட்டம் சிறுத்து, முழுவதும் இழுத்த பின்னும் புள்ளியாகாவிட்டால், குவியம் இன்னும் வெளியே இருக்கிறது. இரண்டாவது வகை மிக எளிது. நீட்டிப்புக் குழல் என்று ஒரு வெற்றுக் குழல் விற்கிறார்கள். அதில் கண்ணாடி ஏதும் இல்லை. அதனை இடையில் செருகினால் தீர்ந்தது. தற்காலிகமாகப் பார்க்க வேண்டுமானால், வில்லையை முழுவதும் உள்ளே தள்ளாமல் சற்று வெளியே இழுத்துப் பிடித்துப் பக்கத் திருகை முடுக்கினாலே போதும். துன்பம் தருவது முதல் வகைதான். கேமரா மாட்டுவோர் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது அதில்தான்.

சோதனைக்கு நட்சத்திரத்தையோ சந்திரனையோ நாடச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அருகிலுள்ள பொருளின் உருவம் குவியத்துக்கு அப்பால், இன்னும் வெளியே தள்ளி விழும். 650 மில்லிமீட்டர் குவிய தூரமுள்ள கருவியில் 20 மீட்டர் தொலைவிலுள்ள மரத்தின் உருவம், நட்சத்திரத்தின் உருவத்தைவிட ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் வெளியே விழுகிறது. ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோபுரத்துக்கு இந்த வேறுபாடு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகையால் கேமராவை மாட்டி எதிர்வீட்டு வேப்பமரத்தைப் பார்க்கும்போது இலை இலையாகத் தெளிந்து, இரவில் சந்திரனைப் பார்க்கும்போது தெளியாமற் போவது நடக்கக்கூடியதே. கடைத்தெருவில் எதிர்ச்சாரி விளம்பரப் பலகையைக் காட்டி 'எல்லாம் சரியாகத் தெரிகிறது, எடுத்துச் செல்லுங்கள்' என்று விற்பவர் பொய் சொல்லவில்லை. எனினும் அந்தச் சோதனை வானத்துக்குச் செல்லாது.

எண்ணெய்த் தாளால் அளத்தல்

திசை தெரிந்தபின் தூரத்தை அளக்க வேண்டும். பாதிக்கு மேல் வளர்ந்த சந்திரன் வானில் இருக்கும் இரவு இதற்கு ஏற்றது. கண்வில்லையைக் கழற்றிவிடுங்கள். நகரும் குழலை முழுவதும் உள்ளே செலுத்திவிடுங்கள். கருவியைச் சந்திரனுக்கு நேராக நிறுத்தி, குழலின் வாய்க்கு மேலே எண்ணெய்த் தாளையோ படம் வரையும் மெல்லிய டிரேசிங் தாளையோ பிடித்து, மேலும் கீழும் மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் சந்திரனின் சிறிய உருவம் ஓரங்கள் கூர்மையாகத் தாளின்மீது படியும். 650 மில்லிமீட்டர் கருவியில் அதன் விட்டம் சுமார் 6 மில்லிமீட்டர் இருக்கும். தாளுக்கும் குழல் வாய்க்கும் உள்ள உயரத்தை மற்றொருவர் அடிக்கோலால் அளந்து குறித்துக்கொள்ளட்டும். மூன்று தடவை அளந்து சராசரி பார்ப்பது நல்லது. பள்ளி மாணவர்கள் விரும்பிச் செய்யும் வேலை இது, அவர்களிடமே விடலாம்.

சூரியனைக் கொண்டு இதை ஒருபோதும் செய்யலாகாது. தாள் எரிந்துபோகும், அருகே குனியும் பிள்ளையின் கண் ஒரு நொடியில் பறிபோகும்.

அளந்து கிடைத்த எண்ணே இவ்விஷயத்தில் நமக்கு ஆதாரம். உதாரணமாக ஒரு கணக்கைப் பார்க்கலாம். 130 மில்லிமீட்டர் விட்டமும் 650 மில்லிமீட்டர் குவிய தூரமும் உள்ள ஒரு கருவியில், தாளில் சந்திரன் தெளிந்த இடம் குழல் வாய்க்கு 20 மில்லிமீட்டர் மேலே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். கண்வில்லைகளில் பெரும்பாலானவை தம் தோள்பட்டை அருகே உள்ள உருவத்தையே பார்க்கின்றன. ஆகவே குழலை 20 மில்லிமீட்டர் அளவு வெளியே கொண்டுவந்தால் கண்வில்லையில் காட்சி தெளிந்துவிடும். யாதொரு தொல்லையும் இல்லை.

இனி, வில்லையைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய கேமராவை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளே ஒளியை ஏற்கும் தகடு முகப்பில் இல்லை. உள்ளே தள்ளி இருக்கிறது. முன்புறம் மடங்கும் கண்ணாடி உள்ள வகைகளில், இணைப்பு வளையத்தையும் சேர்த்து அத்தகடு 55 மில்லிமீட்டர் பின்னால் இருக்குமாறு அமைப்பது பொது வழக்கம். குவியமோ 20 மில்லிமீட்டரில் இருக்கிறது. குழல் ஏற்கெனவே முழுவதும் உள்ளே போய்விட்டது. ஆகவே 35 மில்லிமீட்டர் குறைகிறது. திருகை எத்தனை முறை திருப்பினாலும் இந்த 35 மில்லிமீட்டர் கிடைக்கப் போவதில்லை. இதே கேமரா சுமார் 12 அல்லது 13 மீட்டர் தொலைவிலுள்ள பொருளை மட்டும் தெளிவாகக் காட்டும். மேலே கூறிய வேப்பமரத்தின் புதிர் இதனால் விளங்கும்.

இந்தக் குறையைத் தீர்க்க நான்கைந்து வழிகள் உள. எல்லாவற்றையும் ஒரே மதிப்பில் வைத்துக் கூறுவதற்கில்லை.

செலவில்லாத வழியை முதலில் பாருங்கள். நகரும் குழலின் மேல், கண்வில்லையைத் தாங்கும் வளையம் ஒன்று திருகப்பட்டிருக்கும். சில கருவிகளில் அதைக் கழற்றினால் அடியிலேயே கேமராவின் இணைப்பு வளையத்துக்கு ஏற்ற மரை வெட்டப்பட்டிருக்கும். கேமராவை அங்கே நேராகத் திருகிவிட்டால் இரண்டு சென்டிமீட்டர் வரை மிச்சமாகும். இன்னொன்று: சில கருவிகளுடன் இரண்டு அளவுத் தாங்கிகள் கொடுக்கிறார்கள். ஒன்று ஒன்றேகால் அங்குல வில்லைக்கு, மற்றொன்று இரண்டு அங்குல வில்லைக்கு. ஏதேனும் ஒன்றை மாட்ட வேண்டியதற்குப் பதிலாக இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவோர் பலர். அப்போது கேமரா மட்டுமல்ல, சாதாரணக் கண்வில்லைகூடத் தெளியாது. பழுதென்று திருப்பி அனுப்பப்படும் கருவிகளில் இவ்வகையும் உண்டு.

கேமராவின் வகையும் கணக்கை மாற்றும். மடங்கும் கண்ணாடி இல்லாத இக்காலக் கேமராக்களில், முகப்பிலிருந்து தகடு 16 முதல் 20 மில்லிமீட்டர் தூரத்திலேயே இருக்கிறது. ஆனால் அவற்றுக்கென விற்கப்படும் சில இணைப்புகள் பழைய 55 மில்லிமீட்டர் கணக்குக்கே நீளமாகச் செய்யப்பட்டவை. அவற்றை வாங்கினால் இருந்த ஆதாயமும் போய்விடும். குட்டையான இணைப்பைக் கேட்டு வாங்க வேண்டும். கண்வில்லையைப்போலவே குழலுக்குள் செருகும் சிறிய வான்படக் கேமராக்களும் உண்டு. அவற்றின் தகடு வாயருகே இருப்பதால் குறைபாடு பெரும்பாலும் எழுவதில்லை. கோள்களைப் படமெடுக்க அவையே சிறந்தவை. ஆனால் அருகில் கணினி ஒன்று வேண்டும்.

பார்லோ வில்லை

பார்லோ வில்லை என்பது நடுவில் மெலிந்த, ஒளியைச் சற்று விரிக்கும் வில்லை. இங்கிலாந்தில் உல்விச்சில் கணித ஆசிரியராக இருந்த பீட்டர் பார்லோவின் பெயரால் 1830-களிலிருந்து வழங்கிவருகிறது. குவிந்து வரும் ஒளியின் நடுவே இதை வைத்தால், ஒளி மெதுவாகக் குவிந்து, உருவம் பெரிதாகி, மேலும் வெளியே தள்ளி விழும். நமக்கு வேண்டியதும் அதுவே. இரண்டு மடங்கு பெரிதாக்கும் ஒரு பார்லோ வில்லை, குவியத்துக்கு 5 சென்டிமீட்டர் முன்னே நிற்கிறது என்றால், புதிய உருவம் வில்லைக்கு 10 சென்டிமீட்டர் பின்னே சென்று விழும். குவியம் 5 சென்டிமீட்டர் வெளியே வந்துவிட்டது. மேலே கண்ட 35 மில்லிமீட்டர் குறை இதில் அடங்கிவிடும்.

கருவியை அறுக்காமல், துளையிடாமல் செய்யக்கூடியது இவ்வழி. ஆகவே புதியவர்களுக்கு இதையே நான் முதலில் சிபாரிசு செய்வேன். மேல்முனையில் கேமரா வளையத்துக்கான மரை உள்ள பார்லோ வில்லையைத் தேர்ந்து வாங்க வேண்டும். எனினும் இதற்கு விலை கொடுத்தே ஆக வேண்டும். உருவம் இரு மடங்கு பெரிதானால் ஒளி நான்கு மடங்கு பரப்பில் சிதறுகிறது. முன்பு ஒரு வினாடி போதுமான இடத்தில் இப்போது நான்கு வினாடி தேவை. சந்திரனுக்கு இது பொருட்டன்று. மிருகசீரிடத்தை அடுத்துள்ள ஒரையன் ஒளிமேகம் போன்ற மங்கலான பொருள்களுக்கோ, கருவி வானத்தின் ஓட்டத்தைத் தானே பின்தொடரும் மோட்டார் இல்லாமல் இவ்வழி பயன்படாது.

ஆடியை முன்னே நகர்த்துதல்

மற்றொரு வழி, கேமராவை உள்ளே கொண்டுபோவதற்குப் பதிலாகக் குவியத்தையே வெளியே கொண்டுவருவது. அடியிலுள்ள ஆடியை எவ்வளவு முன்னே நகர்த்துகிறோமோ அவ்வளவு குவியமும் வெளியே நகரும். நியூட்டனின் கருவியிலும் கண்வில்லை அசையாமல் இருக்க, அடியிலுள்ள திருகால் ஆடியை நகர்த்தியே காட்சியைத் தெளிவித்தார்கள். ஆகையால் இது புதுமையன்று.

நமது உதாரணத்தில் 35 மில்லிமீட்டர் வேண்டும். திருகு சிறிது விளையாடுவதற்கு 5 மில்லிமீட்டர் கூட்டி 40 மில்லிமீட்டர் என்று கொள்ளலாம். ஆடியைத் தாங்கும் தட்டைக் குழலோடு பிணைத்துள்ள திருகாணிகளைக் கழற்றி, 40 மில்லிமீட்டர் முன்னே புதிய துளைகள் இட்டு, அங்கே பொருத்த வேண்டும். துளையிடுமுன் ஆடியை வெளியே எடுத்துத் துணியில் பொதிந்து வேறு அறையில் வைத்துவிட வேண்டும். இரும்புத் துகள் ஒன்று அதன்மீது விழுந்தாலும் போதும், வெள்ளிபோன்ற பூச்சு கீறப்பட்டுவிடும். பூச்சு கண்ணாடியின் மேற்புறத்தில் இருப்பதால், வீட்டு நிலைக்கண்ணாடியைத் துடைப்பதுபோல் வேட்டித் தலைப்பால் துடைக்கக் கூடாது. விரலால் தொடவும் கூடாது. துளையிடும் வேலையைப் பட்டறைக்காரர் செய்துவிடுவார். அளவைக் குறிக்கும் வேலையை நாம் அருகிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வழிக்கும் ஒரு வரம்பு உண்டு. ஆடி முன்னே வந்தால், சாய்வு ஆடியின்மீது விழும் ஒளிக்கற்றை அகலமாக விழும். மேற்கண்ட கருவியில் சாய்வு ஆடியிலிருந்து குவியம் 170 மில்லிமீட்டர் தூரத்தில் இருந்தது என்றால், அங்கே ஒளிக்கற்றையின் அகலம் 34 மில்லிமீட்டர். 40 மில்லிமீட்டர் நகர்த்தியபின் அது 42 மில்லிமீட்டர் ஆகிவிடும். சாய்வு ஆடி அதைவிடச் சிறிதாயின் ஓரத்து ஒளி தப்பிப் போகும். எல்லாக் காட்சிகளும் சற்று மங்கும். ஆகவே தேவைக்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் நகர்த்தாதீர்கள். நகர்த்தியபின், பழைய கண்வில்லைகள் இப்போது வெளியே எட்டாமற் போகலாம். அவற்றுக்கு 40 மில்லிமீட்டர் நீட்டிப்புக் குழல் ஒன்று தேவைப்படும். ஆடிகள் இரண்டையும் மீண்டும் நேர்ப்படுத்தவும் வேண்டும். கண்வில்லை இருக்கும் இடத்தில் நடுவே சிறு துளையிட்ட ஒரு மூடியை மாட்டி, அதன் வழியே பார்த்து, அடியாடியின் பின்னுள்ள மூன்று திருகுகளால் அதைச் செய்யலாம். மோட்டாரையும் பம்பையும் ஒரே நேரில் நிறுத்தத் தெரிந்தவருக்கு இது கடினமன்று.

ஒரே கருவிதான் ஊருக்கு உள்ளது, அதில் சிறுவர்கள் கண்ணால் பார்ப்பதே முக்கிய உபயோகம் என்றால், ஒருவரின் புகைப்பட ஆசைக்காக ஆடியை நகர்த்த பஞ்சாயத்து அனுமதிக்க வேண்டுவதில்லை என்பது என் கருத்து. உயரம் குறைந்த நகரும் குழலை வாங்கி மாற்றுவது இன்னொரு வழி. அது நல்ல வழியே. ஆனால் கருவியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் முடிவு செய்ய வேண்டும்.

வில்லைத் தொலைநோக்கியின் வளைகுழல்

ஆடித் தொலைநோக்கிக்கும் வில்லைத் தொலைநோக்கிக்கும் துணைச் சாதனங்கள் ஒரே அளவில் இருப்பதால் ஒன்றினுடையதை மற்றொன்றில் மாட்டுவது எளிது. கழுத்து நோகாமல் பார்ப்பதற்காக வில்லைத் தொலைநோக்கியில் வளைந்த குழல் ஒன்று மாட்டுவார்கள். அதனுள் ஒளி செல்லும் வழியே ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் நீளம். அவ்வளவு இடம் விட்டே வில்லைத் தொலைநோக்கியைச் செய்கிறார்கள். அதை ஆடித் தொலைநோக்கியில் மாட்டினால் 7 சென்டிமீட்டரும் குறையாகிவிடும். தெளிய வழியே இல்லை. அதைக் கழற்றி வைத்துவிட வேண்டியதுதான். ஆடித் தொலைநோக்கியில் பக்கவாட்டிலிருந்தே பார்ப்பதால் அதற்குத் தேவையும் இல்லை. 'உருவம் தலைகீழாக இருக்கிறதே' என்று கவலைப்படுவோரும் உண்டு. வானத்தில் மேல் எது, கீழ் எது?

குவியக் குறை அல்லாதவை

திருகு இருபுறமும் ஓடி, நடுவில் ஓரிடத்தில் வட்டம் மிகச் சிறிதாகி, மீண்டும் பெரிதானால், குவியம் எட்டிவிட்டது என்று பொருள். அப்போதும் காட்சி மங்கலாயிருந்தால் குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. 76 மில்லிமீட்டர் விட்டமும் 700 மில்லிமீட்டர் குவிய தூரமும் உள்ள சிறு கருவிகளை 525 மடங்கு பெரிதாக்கும் என்று பெட்டியின்மேல் அச்சிட்டு விற்கிறார்கள். 4 மில்லிமீட்டர் கண்வில்லையையும் மூன்று மடங்கு பார்லோ வில்லையையும் சேர்த்தால் அந்த எண் வருவது உண்மையே. ஆனால் விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு என்பதே பயன்படும் எல்லை. அக்கருவிக்கு அது சுமார் 150 மடங்கு. அதற்கு மேல் பெரிதாக்கினால் மங்கலே பெரிதாகும். பார்லோ வில்லையைக் கழற்றி, 20 அல்லது 25 மில்லிமீட்டர் கண்வில்லையில் தொடங்குங்கள்.

வீட்டுக்குள்ளிருந்து எடுத்த கருவி வெளிக்காற்றின் குளிர்ச்சியை அடைய அரை மணி நேரமாவது வேண்டும். சிமெண்டுக் களமும் மொட்டை மாடியும் பகலில் குடித்த வெயிலை இரவு வெகு நேரம் வரை வெளியிட்டுக்கொண்டிருக்கும். அந்த அலையில் சனியின் வளையம் நெளியும். புல்தரையோ உழவில்லாத மண்தரையோ மேல். மார்கழிப் பனியில் கண்வில்லையில் ஈரம் படிவதும் மங்கலுக்குக் காரணமாகும்.

சூரியனைப் பார்ப்பதற்கான வடிதகடும் ஒரு துணைச் சாதனமே. அது குழலின் வாயை முழுவதும் மூடுமாறு முன்புறம் மாட்டப்பட வேண்டும். அவ்வாறு மாட்டினால் குவியம் மாறாது. கண்வில்லையில் திருகும் சிறிய கருப்புக் கண்ணாடி ஏதேனும் பழைய பெட்டியில் இருந்தால் அதை உடைத்து எறிந்துவிடுங்கள். குவிந்த வெயிலில் அது வெடிக்கும். 2019 டிசம்பர் 26-ஆம் நாள் கங்கண கிரகணத்தைக் கோவையிலும் திண்டுக்கல்லிலும் புதுக்கோட்டையிலும் மக்கள் கண்டனர். 2031 மே 21-ஆம் நாள் மற்றொரு கங்கண கிரகணத்தின் பாதை கேரளத்தையும் தமிழ்நாட்டின் தென்பகுதியையும் கடக்க இருக்கிறது. அதற்குக் கருவியைத் தயார் செய்யும் ஊர்கள் இதை முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

கைப்பேசியால் படம் எடுத்தல்

இத்தனை அளவும் கணக்கும் இல்லாமல் படம் எடுக்க ஒரு வழி இருக்கிறது. கண்வில்லையில் முதலில் கண்ணால் பார்த்து உருவத்தைத் தெளிவாக்கிக்கொண்டு, கண் இருந்த இடத்தில் கைப்பேசியின் கேமராவை வைப்பதே அது. கண்வில்லை தன் வழக்கமான இடத்தில் இருப்பதால் குவியம் எட்டாத பிரச்சினை எழுவதில்லை. கைப்பேசியைக் கண்வில்லையோடு சேர்த்துப் பிடிக்கும் தாங்கி கடைகளில் கிடைக்கிறது. கண்ணாடி அணிபவர் அதை அணிந்தபடியே முதலில் தெளிவாக்க வேண்டும். கைப்பேசி தானாகத் தெளிவை மாற்றிக்கொண்டே இருந்தால், திரையில் சந்திரனின் ஓரத்தை அழுத்திப் பிடித்து அதை நிலைநிறுத்தலாம். கிராமப் பள்ளிக்கு இதுவே போதுமானது. பெரிய கேமரா வாங்கித் தரும்படி தீர்மானம் வருமானால், இதை ஆறு மாதம் செய்து பார்த்த பின்னரே எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய கேமராவே மாட்டினாலும் தெளிவின் கடைசிக் கட்டம் மிக நுட்பமானது. மேலே கண்ட 650 மில்லிமீட்டர் கருவியில் தகடு குவியத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு விலகினாலே கூர்மை குறையத் தொடங்கும். திருகின் தலையில் துணி உலர்த்தும் கிளிப் ஒன்றைக் கவ்வவிட்டு, அதன் நுனியைத் தள்ளினால் இவ்வளவு நுட்பமாகவும் திருப்ப முடிகிறது. கேமராவின் திரையில் ஒரு நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். கேமராவின் பாரத்தால் நகரும் குழல் வழுக்கிவிடாதபடி பூட்டுத் திருகை முடுக்கவும் மறக்கலாகாது.

கருவிப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஓர் அட்டை ஒட்டுங்கள். எண்ணெய்த் தாளில் கிடைத்த அளவு, அளந்த தேதி, ஒவ்வொரு கண்வில்லைக்கும் நகரும் குழல் எத்தனை மில்லிமீட்டர் வெளியே நிற்க வேண்டும், எதற்கு நீட்டிப்புக் குழல் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பவற்றை மையால் எழுதுங்கள். புதிய பொருள் ஏதேனும் வாங்குவதாயின், கடைக்காரரிடம் அதன் குழல் விட்டத்தையும், உருவம் விழ வேண்டிய இடம் அதன் தோளிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் கேட்டு, அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய கருவிகள் சிலவற்றில் குழல் விட்டம் ஒன்றேகால் அங்குலமும் அன்று, 24.5 மில்லிமீட்டர்தான். ஆசிரியர் மாற்றலாகிச் செல்லும்போது பெட்டியின் சாவியோடு இந்த அட்டையையும் காட்டி, நீட்டிப்புக் குழல் எங்கே இருக்கிறது என்பதையும் அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போகட்டும்.